தாது வருஷப் பஞ்சமும் கொடைக்கானல் சூரியனும்

(மயிலாப்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)



சூரியனைப் பற்றி அண்மையில் நடந்துவரும் ஆராய்ச்சிகளைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். பேசுகிறேன். ஆனால் வானத்தில் தொடங்கப் போவதில்லை. உங்களில் பலர் பறக்கும் ரயிலில் வந்து திருமயிலை நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். அங்கே கீழே எட்டிப் பார்த்தால் கறுத்த நீர் தெரியும். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற பக்கிங்ஹாம் கால்வாய். என் பேச்சு அந்தக் கால்வாய்க் கரையில்தான் தொடங்குகிறது.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தப் பகுதி, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளம், 1877-78-இல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டு வந்த மக்கள். 1876-இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் தென்மேற்குப் பருவமழை கைவிட்டது. நம் பாட்டிமார் வாயில் அதற்குப் பெயர் தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. பிழைத்தவர்கள் நிவாரண வேலைக்கு வந்தார்கள். மண்வெட்டி பிடித்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசு என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை உண்டுவிட்டு உழைக்க முடியாது என்று சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் எதிர்த்து எழுதினார். மழை பொய்த்தது இயற்கை. தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்ததும், கூலியைக் கிள்ளிக் கொடுத்ததும் மனிதர் செய்தவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

அந்தப் பஞ்சம் ஒரு கேள்வியை எழுப்பியது. மழை ஏன் பொய்க்கிறது? எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

விடை தேடியவர்களின் கையில் ஒரு பொருள் இருந்தது. அதுவும் நம் ஊர்ப் பொருள்தான். நுங்கம்பாக்கத்தில் நாள் தவறாமல் எழுதிவந்த மழைப் பதிவேடு.

மழைக்காலம் வந்தால் செய்தியில் கேட்கிறோமே, நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் என்று. நுங்கம்பாக்கத்தில் ஏன் அளக்கிறார்கள் என்று யோசித்ததுண்டா? அங்கே 1792-இல் ஒரு வானிலாய்வகம் எழுந்தது. அதற்கு முன் வில்லியம் பெட்ரி என்பவர் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு ஆய்வகம் வைத்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்று, மைக்கேல் டாப்பிங் என்பவரின் வடிவமைப்பில் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டியது. கப்பல்களுக்குத் தீர்க்கரேகை வேண்டும், நிலஅளவைக்கு ஓர் உறுதியான புள்ளி வேண்டும். வியாபாரக் கம்பெனிக்கு விண்மீன்கள் தேவைப்பட்டது இதற்காகத்தான். வானத்தோடு கூட வெயிலையும் மழையையும் காற்றழுத்தத்தையும் குறிக்கும் பழக்கம் அங்கே 1796-இலேயே தொடங்கிவிட்டது.

அந்தக் கட்டடம் இன்று இல்லை. ஆனால் கல்லூரிச் சாலையில் உள்ள வானிலை மைய வளாகத்தில் அதன் கருங்கல் தூண் இருக்கிறது. சுமார் 15 அடி உயரம், 10 டன் எடை. முதல் தொலைநோக்கியைத் தாங்கிய தூண் அது. அவ்வளவு கனமான கல் எதற்கு? தொலைநோக்கி ஒரு மயிரிழை அசைந்தாலும் கணக்கு தப்பிவிடும். தெருவில் வண்டி போகும், காற்று அடிக்கும், தரை அதிரும். கருவி அசையக் கூடாது. அதற்காக நட்ட கல். அந்தத் தூணில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கையை வைத்துத் தடவிப் பார்த்தால் எழுத்தின் பள்ளம் விரலில் படுகிறது. தென்னாட்டுப் பாறையில் இலத்தீனும் தமிழும் தெலுங்கும் சேர்ந்து நிற்கும் அந்த இடத்துக்கு நம் பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறையாவது அழைத்துப் போக வேண்டும் என்பது என் ஆசை.

அந்த ஆய்வகத்தில் பணிபுரிந்த ஒருவரை இந்த அவையில் நான் கட்டாயம் நினைவுகூர வேண்டும். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சாதாரணப் பணியாளராகச் சேர்ந்து முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867 ஜனவரியில், தென்வானத்தில் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டனின் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்தபோது, அது எப்படி நிகழ்கிறது என்று சாதாரண மக்களுக்கு விளங்கும்படி நம் நாட்டு மொழிகளில் நூல் வெளியிட்டார்.

அவர் செய்த இன்னொரு வேலை மயிலாப்பூர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். சித்திரை பிறப்பதற்கு முன் மாடவீதிக் கடையில் பஞ்சாங்கம் கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: வாக்கியமா, திருக்கணிதமா? வாக்கியம் என்பது வழிவழியாக வந்த சூத்திரங்களின்படி போட்ட கணக்கு. திருக்கணிதம் என்பதில் வரும் ‘த்ருக்’ என்ற சொல்லுக்குப் பார்வை என்று பொருள். வானத்தில் கோள் இருக்கும் இடத்தைப் பார்த்து, கணக்கை அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்வது. சனிப்பெயர்ச்சி எந்த நாள் என்பதில் இரண்டுக்கும் மாதக்கணக்கில் வித்தியாசம் வருவதை நீங்களே பார்க்கிறீர்கள். ரகுநாதாச்சாரி ஆய்வகத்தில் இரவெல்லாம் தொலைநோக்கியில் பார்த்தவர். பார்த்த கணக்கைக் கொண்டு பஞ்சாங்கம் போட்டவர். கணக்கும் வானமும் ஒத்துப்போகாதபோது எதைத் திருத்துவது? வானத்தைத் திருத்த முடியாது. கணக்கைத்தான் திருத்த வேண்டும். அறிவியல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும் என்று நான் நம்புகிறேன்.

பஞ்சத்துக்குத் திரும்புவோம்.

சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒரு முறை உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை 1843-இல் ஷ்வாபே என்ற ஜெர்மானியர் வெளியிட்டார். மருந்துக்கடை வைத்திருந்த மனிதர். பதினேழு ஆண்டுகள் வெயில் வந்த நாளெல்லாம் சூரியனைப் பார்த்துப் புள்ளிகளை எண்ணியவர். 1877-இல், பஞ்சம் கொடுமையாக நடந்துகொண்டிருந்த வேளையில், வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி சென்னையின் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட மழைக் கணக்கை எடுத்துக் கரும்புள்ளிக் கணக்கோடு அருகருகே வைத்துப் பார்த்தார். புள்ளி குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்று அவருக்குப் பட்டது. நார்மன் லாக்கியர் என்ற புகழ்பெற்ற வானியலாளரும் அவரும் சேர்ந்து, கரும்புள்ளிகளும் பஞ்சங்களும் என்று கட்டுரை எழுதினார்கள். சூரியனைத் தினமும் கவனித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற எண்ணம் அரசாங்கத்தின் மனத்தில் வேர்விட்டது.

அப்போது சென்னையின் அரசு வானியலாளராக இருந்தவர் நார்மன் போக்சன். 1861-இல் சென்னைக்கு வந்த அவர், வந்த ஆண்டே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். விண்மீன்களின் ஒளியைத் தரம்பிரிக்க இன்றும் உலகம் பயன்படுத்துவது அவர் வகுத்த அளவுகோலைத்தான். சூரியனைப் படமெடுக்க மலைமேல் ஒரு பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று 1882-இல் அவர் கேட்டார். கடற்கரை ஊரில் ஈரக்காற்றும் புழுதியும் படத்தைக் கெடுக்கும். அவர் 1891-இல் இறந்தார். மலைமேல் ஆய்வகத்தை அவர் பார்க்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர் மிச்சி ஸ்மித், நம் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். தென்னாட்டு மலைகளில் அலைந்து இடம் பார்த்து, கொடைக்கானலைத் தேர்ந்தார். கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரம். 1899 ஏப்ரல் 1 அன்று கொடைக்கானல் ஆய்வகம் உருவானது. நுங்கம்பாக்கத்துக் கருவிகள் மூட்டை கட்டி மலையேறின.

அப்படி ஏறியவற்றில் ஒன்று ஆறு அங்குலத் தொலைநோக்கி. பாரிஸ் நகரில் செய்து 1850 வாக்கில் சென்னைக்கு வாங்கப்பட்டது. மலைக்குப் போவதற்கு முன் அதைச் சீரமைத்தார்கள். கொடைக்கானலில் நாள்தோறும் சூரியனைப் படமெடுக்கும் வேலை அதற்கு. நம் தாத்தாவின் தாத்தா காலத்துக் கருவி, நூறு ஆண்டுக்கு மேல் சூரியனைப் பார்த்தது.

நான் அங்கே போயிருந்தபோது ஒரு பழைய கண்ணாடித் தட்டைக் காட்டினார்கள். விளிம்பை மட்டும் பிடித்து, அடியில் விளக்கு எரியும் பெட்டியின் மேல் வைத்தார்கள். சுமார் 20 சென்டிமீட்டர் விட்டத்தில் சூரியன், சோற்றுத்தட்டு அளவு. ஓரம் மங்கி, நடு பிரகாசமாக. நடுவுக்குச் சற்று மேலே மிளகளவில் ஒரு கரும்புள்ளி. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது அந்த மிளகுக்கு உள்ளே ஒரு கருமையும், அதைச் சுற்றி இமைமயிர் போல மெல்லிய கோடுகளும் தெரிந்தன. அந்த மிளகுக்குள் நம் பூமி சில முறை அடங்கிவிடும். உறையின் மேல் மையால் தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது என்ற குறிப்பு. எழுதியவர் பெயர் இல்லை. அந்த அறையில் இப்படி அடுக்கடுக்காக ஆயிரக்கணக்கான உறைகள். ஒவ்வொன்றும் ஒரு காலை. ஒவ்வொரு காலையிலும் யாரோ ஒருவர் குளிரில் எழுந்து, கூரையைத் திறந்து, சூரியன் மூடுபனியை விட்டு வெளியே வரக் காத்திருந்து எடுத்தது.

இந்தப் படவரிசை 1904 முதல் வருகிறது. சில ஆண்டுகளுக்குள் சூரியனின் நிறமண்டலத்தைக் கால்சியத்தின் ஒளியில் எடுக்கும் படங்களும், 1912 முதல் ஹைட்ரஜனின் ஒளியில் எடுக்கும் படங்களும் சேர்ந்தன. இதைத் தவிர, கரும்புள்ளி எங்கே, சூரிய விளிம்பில் எழும் தீநாக்கு எங்கே என்று ஒரு வட்டத்தாளில் வண்ணப் பென்சிலால் கையால் வரைந்து வைக்கும் வழக்கமும் இருந்தது. மேகம் மூடிய நாளில் மேகம் என்று எழுதினார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதாத அந்த ஒரு சொல்தான் மற்ற நாள்களின் படத்தை நம்ப வைக்கிறது.

சரி, மழையை முன்கூட்டிச் சொல்ல முடிந்ததா?

முடியவில்லை. கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்தார். கரும்புள்ளிக்கும் நம் மழைக்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியல் முறைப்படி சலித்துப் பார்த்தார். பஞ்சத்தைக் கணிக்கும் அளவுக்கு அதில் வலு இல்லை என்று கண்டார். ஆனால் தேடலை விடவில்லை. உலகெங்கும் உள்ள காற்றழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கத்தில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கத்தில் இறங்கும் ஓர் ஊசலாட்டம் புலப்பட்டது. அதற்குத் தென் ஊசலாட்டம் என்று பெயரிட்டார். எல் நினோ என்று இன்று செய்தியில் கேட்கிறோமே, அது இந்த ஊசலாட்டத்தின் கடல்பக்க முகம். 1877-இல் வந்த எல் நினோ, நமக்குத் தெரிந்தவற்றுள் மிகக் கடுமையானவற்றில் ஒன்று. தாது வருஷத்துக் கேள்விக்கு விடை சூரியனில் இல்லை, பசிபிக் கடலில் இருந்தது. அந்த விடையையும் தந்தவை நாள்தோறும் எழுதிய பதிவேடுகள்தான்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி எழும். கேள்வியே தவறான திசையில் போனது என்றால் கொடைக்கானலில் எடுத்த படமெல்லாம் வீண்தானே? இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன். வீணாகவில்லை. எழுதியவர்கள் நினைத்துக்கூடப் பார்க்காத கேள்விகளுக்கு அந்தப் பதிவுகள் இன்று விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன.

முதல் விடை சீக்கிரமே வந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் கொடைக்கானலில் கரும்புள்ளியின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்தபோது, நான் சொன்ன அந்த இமைமயிர்ப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளியே பாய்வதைக் கண்டார். எவர்ஷெட் விளைவு என்று உலகப் பாடநூல்கள் எல்லாம் அதைச் சொல்கின்றன.

அண்மைய விடை ஒன்றைச் சொல்கிறேன். சூரியன் பம்பரம் போலத் தன்னைத்தானே சுற்றுகிறது. ஆனால் அது கெட்டியான பம்பரம் இல்லை, வாயுப் பந்து. அதனால் நடுப்பகுதி வேகமாகவும் துருவப் பக்கம் மெதுவாகவும் சுற்றும். கரும்புள்ளிகளை வைத்து இதை அளக்கலாம். ஆனால் கரும்புள்ளிகள் துருவத்தருகே தோன்றுவதில்லை. அங்கே என்ன வேகம் என்று எப்படி அறிவது? இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கொடைக்கானலின் நூறாண்டுக் கால்சியப் படங்களை எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடித் தட்டுகளை, ஒரு பக்கத்துக்கு 4096 புள்ளி என்ற நுட்பத்தில் கணினிக்குள் ஏற்றினார்கள். அந்தப் படங்களில் சூரியன் முழுவதும் வலை பின்னியது போன்ற ஒரு பிரகாசக் கோலம் தெரியும். அது துருவம் வரை உண்டு. அந்தக் கோலம் நாளுக்கு நாள் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார்கள். நடுக்கோட்டில் நாளுக்கு ஏறக்குறைய 14 பாகை. துருவத்தை நெருங்கும் 80 பாகையில் சுமார் 10.5 பாகை. இந்த வேக வேறுபாடுதான் சூரியனின் காந்தப்புலத்தை முறுக்குகிறது. முறுக்கு ஏற ஏறக் கரும்புள்ளி பிறக்கிறது. 11 ஆண்டுச் சுழற்சியின் அடிமூலம் அங்கே இருக்கிறது. 1910-இல் தட்டை உறையில் போட்ட உதவியாளருக்கு, நூறு ஆண்டு கழித்து இப்படி ஒரு கணக்குப் போடுவார்கள் என்று தெரியுமா? அவர் ஒழுங்காகத் தேதியும் நேரமும் எழுதினார். அது போதுமானதாக இருந்தது.

அண்மைய ஆராய்ச்சியில் அடுத்தது, ஆதித்யா. 2023 செப்டம்பர் 2 பகல் 11.50 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலம் கிளம்பியது. திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்து அரசுப் பள்ளியில் படித்தவர். 2024 ஜனவரி 6 அன்று அது தன் இடத்தைச் சேர்ந்தது. எந்த இடம்? பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர். நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் நூற்றில் ஒரு பங்கு. அங்கே சூரியனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்துவிடுவதால், பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றி வர முடிகிறது. அங்கே இரவு இல்லை, கிரகணம் இல்லை, கொடைக்கானலின் மேகமும் இல்லை.

வெயிலில் நின்று தென்னை உச்சியில் காய் பார்க்கிறோம். சூரியனால் கண் கூசுகிறது. என்ன செய்கிறோம்? கையைத் தூக்கிச் சூரியனை மறைத்துக்கொள்கிறோம். ஆதித்யாவில் உள்ள முதன்மைக் கருவி இதைத்தான் செய்கிறது. சூரிய வட்டத்தை மறைத்துவிட்டு, சுற்றியிருக்கும் ஒளிமகுடத்தை மட்டும் பார்க்கிறது. கரோனா என்பது இந்த ஒளிமகுடம். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதைவிட்டுத் தள்ளியிருக்கும் ஒளிமகுடமோ பத்து லட்சம் டிகிரிக்கு மேல். அடுப்பைவிட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு கூடுவது போல! ஏன் என்பது சூரிய இயற்பியலின் பெரும்புதிர்களில் ஒன்று.

முன்பு இந்த ஒளிமகுடத்தைப் பார்க்க முழு சூரிய கிரகணம் வர வேண்டும். 1868 ஆகஸ்ட் 18-இல் அப்படி ஒரு கிரகணம் தென்னிந்தியாவின் மேல் கடந்தது. போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவியோடு காத்திருந்தார். ரகுநாதாச்சாரி நிஜாம் ஆட்சியில் இருந்த வனபர்த்திக்கு ஒரு குழுவோடு போனார். குண்டூரில் பிரான்சு நாட்டு வானியலாளர் ஜான்சன். எல்லோருக்கும் கிடைத்தது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் சூரியனின் தீநாக்கு ஒளியில் ஒரு மஞ்சள் கோட்டைப் போக்சன் குறித்தார். அது எந்தத் தனிமத்தின் கோடு என்று பிறகு பெரிய விவாதம் நடந்தது. சூரியனில் முதலில் தெரிந்து, 1895-இல்தான் பூமியில் பிடிபட்ட ஹீலியத்தின் கோடு அது. அன்று நம்மவர்களுக்குச் சில நிமிடம். இன்று ஆதித்யாவுக்கு நாள் முழுவதும். அந்த முதன்மைக் கருவியைச் செய்தது யார்? கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்திவரும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். நுங்கம்பாக்கத்துத் தூணின் நேர் வாரிசு.

2024 ஜூலை 16 அன்று சூரியனிலிருந்து ஒரு பெரும் வாயுக்கொத்து வெடித்துக் கிளம்பியதை அந்தக் கருவி பார்த்தது. சூரியப் பரப்புக்கு மிக அருகிலேயே அதைப் பிடித்து, கிளம்பிய நேரத்தை நிமிடக் கணக்கில் கணித்தார்கள். கிளம்பும் நேரம் ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள்.

ஒளி எட்டு நிமிடத்தில் வந்துவிடும். இப்படி வீசப்படும் வாயுக்கொத்து பூமியை நோக்கி வந்தால், வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். வந்து மோதினால் பூமியின் காந்தக் கவசம் குலுங்கும். அதுதான் காந்தப் புயல். 1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக்கில் இப்படியொரு புயலால் அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் போனது. 2022 பிப்ரவரியில் ஒரு சுமாரான புயலிலேயே புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை அழிந்தன. காந்தப் புயல் மேல்வளிமண்டலத்தைச் சூடாக்கும். சூடான காற்று உப்பும். தாழ்வாகப் பறந்த செயற்கைக்கோள்கள் அந்தக் காற்றில் உராய்ந்து விழுந்துவிட்டன. 2024 மே 10, 11 இரவுகளில் இருபது ஆண்டுகளில் காணாத புயல் அடித்தது. வழக்கமாகத் துருவப் பகுதிகளில் தெரியும் துருவ ஒளி, செந்நிறத்தில் லடாக்கின் ஹன்லே ஆய்வகத்துக் கேமராக்களில் பதிவானது. சூரியன் தன் சுழற்சியின் உச்சகட்டத்தில் இருக்கிறது என்று அந்த அக்டோபரில் நாசா அறிவித்தது.

சென்னையில் இருக்கும் நமக்கு இதனால் என்ன? நம் கையில் இருக்கும் போனுக்கு வழிகாட்டும் செயற்கைக்கோளிலிருந்து, பட்டினப்பாக்கத்து மீனவர் கடலுக்குப் போகுமுன் கேட்கும் புயல் எச்சரிக்கை வரை எல்லாம் மேலே சுற்றும் கருவிகளை நம்பித்தான் நடக்கிறது. ஆதித்யா இருக்கும் இடத்தைப் புயல் கடந்து பூமிக்கு வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேர முன்னறிவிப்பில் ஒரு செயற்கைக்கோளைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோகலாம், ஒரு மின்தொகுப்பைத் தயார்படுத்தலாம். சூரியப் பரப்பிலேயே பார்த்துவிட்டால் அவகாசம் நாள் கணக்கில் கிடைக்கும்.

புயலின் அடியை நம் மண்ணிலேயே உணர்ந்த கதை ஒன்றும் உண்டு. ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் காற்றில் மோதும்போது மியூயான் என்ற நுண்துகள்கள் பிறந்து நம் மேல் மழையாய்ப் பொழிகின்றன. இந்த அரங்கின் கூரையைத் துளைத்து இப்போதும் பொழிகின்றன. அவற்றை எண்ண ஊட்டியில் 3,712 இரும்புக் குழாய்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம். கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் முன்பு நடந்த ஆய்வில் பயன்பட்ட அதே வகைக் குழாய்கள். 2015 ஜூன் 22 நள்ளிரவையொட்டி, அந்தக் குழாய்கள் எண்ணிய மியூயான்களின் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தது. சூரியனிலிருந்து வந்த வாயுக்கொத்து பூமியின் காந்தக் கவசத்தை அழுத்தியிருந்தது. பூமியின் ஆரத்தைப் போல் பதினொரு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டிய கவசத்தின் விளிம்பு நான்கு மடங்கு தூரத்துக்கு ஒடுங்கியது. கவசம் சற்றே விரிசல் விட, வழக்கமாகத் திரும்பிப் போகும் துகள்கள் உள்ளே புகுந்தன. நாம் தூங்கிக்கொண்டிருந்த இரவில் ஊட்டியின் குழாய்கள் எண்ணிக்கொண்டிருந்தன. அந்த இரவு வரும் என்று யாரும் நாள் குறித்து வைக்கவில்லை. எல்லா இரவும் எண்ணியதால் அந்த இரவும் அகப்பட்டது.

அன்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். ராக்கெட் கிளம்பும்போது நாம் கைதட்டுகிறோம், தட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த ராக்கெட்டுக்குக் கீழே இருநூறு ஆண்டு நீளத்துக்கு ஒரு நோட்டுப்புத்தகம் விரிந்து கிடக்கிறது. மழையை அளந்து எழுதியவர், தட்டை உறையில் போட்டவர், வண்ணப் பென்சில் சீவிச் சூரியனை வரைந்தவர். பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள், பெயர் எழுதாமல் போனவர்கள். அவர்கள் விடையைத் தரவில்லை. விடை வருவதற்கு வேண்டிய சான்றைத் தந்தார்கள். கேள்வி மாறும், கொள்கை மாறும். தேதி போட்டு உண்மையாக எழுதிய குறிப்பு மாறாது.

தொடக்கத்தில் ஒன்று சொல்லி வைத்தேனே, பஞ்சத்தில் இயற்கை செய்தது எவ்வளவு, மனிதர் செய்தது எவ்வளவு என்று. மழை பொய்க்கும் என்று ஓராண்டு முன்பே தெரிந்திருந்தாலும், ஒரு பவுண்டு தானியத்துக்கு மண் சுமக்கச் சொன்ன மனம் மாறியிருக்குமா? முன்னறிவிப்பு ஒரு கருவி. அதைக் கையில் வாங்குபவர் யாருக்காக அதைப் பயன்படுத்துகிறார் என்பதுதான் உயிர்களைக் காக்கும். அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம் எதன் வழியாகவும் கூடாது. ஒரு சிறு கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள், முகம் பார்க்கும் கண்ணாடிதான். அதன் மேல் கெட்டித்தாள் ஒட்டி, தாளின் நடுவில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். அதை வெயிலில் வைத்து, எதிரொளியை இருட்டான அறைக்குள் திருப்புங்கள். யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் தள்ளி உள்ள சுவரில் சுமார் 9 சென்டிமீட்டர் அளவில் ஒரு வட்டம் விழும். அது சூரியனின் படம். பெரிய கரும்புள்ளி இருக்கும் நாளில், வட்டத்துக்குள் மங்கலாக ஒரு மச்சம் தெரியும். அடுத்த நாள் அது சற்று நகர்ந்திருக்கும். சூரியன் சுற்றுவதை உங்கள் வீட்டுச் சுவரில் நீங்களே கண்டுவிட்டீர்கள். ஒரு நோட்டில் வட்டம் போட்டு, புள்ளி வைத்து, தேதியும் நேரமும் எழுதுங்கள். புள்ளி தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள்.

நாளைக் காலையில் கொடைக்கானலில் கூரை திறக்கும். வெயில் இருந்தால் ஒரு படம் எடுப்பார்கள். மேகம் இருந்தால், மேகம் என்று எழுதுவார்கள்.